ரிஸ்க் எடுக்குறதுக்கு நம்ம ஊர்ல என்ன சொல்லு மக்கா?

குளச்சல் சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். தங்குகடல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கா ஆழ்கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போறவங்களுக்கு ஒரு சின்னக் கையேடு தமிழ்ல எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. உயிர்காப்புச் சட்டை, ஒயர்லெஸ், வானிலை எச்சரிக்கை, காப்பீடு, இதுகதான் விஷயம். ஆங்கில மூலத்துல எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ரிஸ்க், ரிஸ்க்னு வருது. அரசாங்கத் தமிழ்ல அதுக்கு ‘இடர்’. மீன்பிடித் துறைமுகத்துல வாசிச்சுக் காட்டினேன், ஒருத்தருக்கும் பிடிபடல. “இடர்னா என்ன மக்கா, இடறி விழுறதா?”ன்னு ஒரு பெரியவர் கேட்டார். ரிஸ்க்னே சொன்னா பேரப்பிள்ளை முதல் தாத்தா வரைக்கும் புரியுது. எழுதச் சொன்னவங்களோ தமிழ்ச்சொல்தான் வேணும்ங்காங்க.

கடல்லயும் பனையிலயும் மலையிலயும் உசிரைக் கையில பிடிச்சுட்டுத் தொழில் செய்ற ஆளுங்க உள்ள மாவட்டம் நம்ம கன்னியாகுமரி. ஒரு சொல்லு கூடவா இல்லாம போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் வாத்தியார்:
தேடி அலைய வேண்டாம் தம்பி. ‘துணிதல்’ இருக்கிறது. இன்று துணிவு என்றால் தைரியம் என்று மட்டும் புழங்குகிறோம். பழைய பொருள் அது அல்ல. துணிதல் என்றால் வெட்டுப்படுதல், அறுபடுதல். துண்டு, துணுக்கு, உடுத்துகிற துணி எல்லாம் ஒரே குடும்பம். மனம் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருப்பதை அறுத்து ஒரு பக்கமாக நிற்பதும் அதனால்தான் துணிதல் ஆயிற்று. அப்படி நின்ற முடிவு துணிபு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறோமே, அதே நினைப்பு.

‘எண்ணித் துணிக கருமம்’ என்பதை (குறள் 467) எல்லாரும் தைரியத்துக்குச் சொன்னதாக நினைக்கிறார்கள். பரிமேலழகர் அங்கே துணிக என்பதற்குத் தொடங்குக என்றுதான் பொருள் சொல்கிறார். கணக்குப் பார்த்துவிட்டு இறங்கு, இறங்கிவிட்டுக் கணக்குப் பார்க்காதே. நாலு குறள் முன்னால் போங்கள்: ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்’. வரப்போகிற லாபத்தை எண்ணிக் கையில் உள்ள முதலையே தொலைக்கிற காரியத்தில் புத்தியுள்ளவன் இறங்க மாட்டான். பங்குச் சந்தை ஆலோசகர்கள் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் பேசுவது இதைத்தான். கையேட்டில் ‘துணிதல்’ என்றே எழுதுங்கள்.

தூத்தூர் கடல்:
சாரே, நல்ல சொல்லுதான், ஆனா நீங்க சொல்லுத அர்த்தத்துல எங்க துறையில ஒருத்தனும் எடுக்க மாட்டான். ‘துணிஞ்சு போ’ன்னா, காத்து கெட்டுக் கெடக்கு, இருந்தாலும் போன்னு அர்த்தம். பாதுகாப்புக் கையேட்டுல அத எழுதினா விளங்கிரும்.

‘துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் மட்டம்’னு ஒரு பழமொழி உண்டு. சொன்னவரு கரையில நின்னுதான் சொல்லியிருக்கணும்.

வடசேரி நகைக்கடன்:
‘உயிரைப் பணயம் வைத்து’ன்னு பத்திரிகையில எழுதுதாங்களே, அத யாரும் இன்னும் சொல்லலியே?

நான் நகைக்கடன் கொடுக்குற இடத்துல வேலை பாக்கேன். கல்குளம், விளவங்கோடு பக்கத்துல இருந்து வாறவங்க அடகுன்னு சொல்லவே மாட்டாங்க. “வளையலப் பணயம் வைக்கணும்”, “பணயம் எடுக்க வந்தேன்” இப்படித்தான். வடக்க இருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருத்தர் முதல் வாரத்துல அரண்டே போயிட்டார். அவருக்குப் பணயம்னா சூதாட்டம், இல்லன்னா பணயக்கைதி. மலையாளத்துல பணயம்னா அடகு. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம்தானே கெடந்துது. மாவட்டம் இங்க வந்துட்டு, சொல்லு வரல.

மூலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வடமொழியில ‘பண’ன்னா பந்தயம், பந்தயத்துல வைக்கிற பொருள், காசு. ஆனா புழக்கத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. சூதுல வச்ச பணயம் தோத்தா போச்சு. நம்ம ஊர்ப் பணயத்துக்குத் தவணை உண்டு, வட்டி உண்டு, மீட்கிற வழி உண்டு. ‘உயிரைப் பணயம் வச்சான்’னு எங்க அம்மா கேட்டா, திரும்ப வருவான்னுதான் நினைப்பா.

தமிழ்வேர்:
பணம், பணயம் இரண்டுமே ‘பண்’ என்ற தமிழ் வேரில் பிறந்தவை. வடமொழி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நெறியாளர்:
அந்தச் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுது அண்ணே. அங்க வச்சுக்கிடுவோம்.

பாளை அண்ணாச்சி:
நமக்கு அடகுதான், இல்லைன்னா ஈடு. பணயம் வச்சேன்னு எங்க பக்கம் ஒருத்தன் சொன்னா முதல்ல சீட்டாட்டமான்னுதான் கேப்போம். அதே மாதிரி ‘சூதானமாப் போ’ன்னு சொல்லுதோமே, அதுவும் சூதுல இருந்து வந்ததுதானே? சூதாடுறவன் மாதிரி காயைப் பாத்து நகத்துன்னு?

மார்த்தாண்டம் வாத்தியார்:
அழகான கற்பனை அண்ணாச்சி, ஆனால் சூதானம் சாவதானத்தின் திரிபு. சாவதானம் என்றால் கவனத்தோடு இருப்பது. சூதுக்கும் அதற்கும் உறவில்லை.

தேங்காப்பட்டணம் காக்கா:
இந்த இழையை இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டே வாசிச்சேன். எங்க வீட்டுல ‘ரிஸ்க்’ தமிழ்தான், சொல்லப்போனா தமிழை விட நெருக்கமான சொல்லு. அரபியில ரிஸ்க்னா இறைவன் ஒவ்வொருத்தருக்கும் அளந்து வச்ச வாழ்வாதாரம். “அவனுக்கு அங்க ரிஸ்க் இருக்கு, போறான்”, “நம்ம ரிஸ்க்க ஒருத்தனும் பறிச்சுக்கிட முடியாது” இதெல்லாம் வாப்பா நாளொண்ணுக்கு எத்தனை தடவை சொல்லுவாங்கன்னு கணக்கே இல்ல.

நான் வளைகுடா வேலையை விட்டுட்டு ஊர்ல கடை போடப் போறேன்னு சொன்னப்போ கூட்டாளி ஒருத்தன், “வேண்டாம்டே, அதுல நிறைய ரிஸ்க் இருக்கு”ன்னான். உம்மா உள்ள இருந்து, “ரிஸ்க் இருந்தா போட வேண்டியதுதானே, பிறகென்ன யோசனை?”ன்னாவ.

கடை நடக்குது.

சொல்வேட்டை:
காக்கா சொன்னதைச் சிரிச்சுட்டு விட்டுராதீங்க. ரிஸ்க் என்கிற ஐரோப்பியச் சொல் எங்கே இருந்து வந்தது என்பதில் அந்த அரபிச் சொல்லும் ஒரு கட்சி.

ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலியில் இருந்து. இத்தாலியில் பழைய தடயம் 12-ஆம் நூற்றாண்டு ஜெனோவா துறைமுகத்து நோட்டரிகள் எழுதின கடல் வணிக ஒப்பந்தங்களில் கிடைக்கிறது. லத்தீனில் ‘ரெசிக்கும்’ என்று எழுதினார்கள். அது தைரியத்தைக் குறிக்கவே இல்லை. சரக்கு மூழ்கினால் அந்த நஷ்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுவதற்கான சொல். கடல் கடன் என்று ஒரு ஏற்பாடு அந்தப் பக்கத்தில் பழங்காலத்தில் இருந்தே உண்டு: கப்பல் கரை சேர்ந்தால் முதலும் பெரிய வட்டியும், மூழ்கினால் கடனும் மூழ்கியது, கொடுத்தவன் கேட்க முடியாது.

அதற்கு முந்தின வேர் என்ன என்பதில்தான் அறிஞர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி அரபி ‘ரிஸ்க்’ என்கிறது. மத்தியதரைக் கடல் முழுக்க அரபு வணிகர்கள் இருந்த காலம், ஆகவே முடியாதது இல்லை. அந்த அரபிச் சொல்லே அன்றாடப்படியைக் குறிக்கிற ஒரு பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். இந்திக்காரர்கள் ரோஜி ரொட்டி என்கிறார்களே, அந்த ரோஜி. இன்னொரு கட்சி லத்தீன் ‘ரெசெக்காரே’, அதாவது அறுத்தல், வெட்டுதல் என்கிறது. வெட்டி விட்டாற்போல் நிற்கிற செங்குத்துப் பாறைக்கு ஸ்பானிய மொழியில் ‘ரிஸ்கோ’ என்றே பெயர். கப்பலைக் கிழிக்கிற பாறை, அதிலிருந்து ஆபத்து. பாறைக்கும் வேருக்கும் கிரேக்கத்தில் பொதுவாக உள்ள ‘ரிசா’வைச் சொல்கிறவர்களும் உண்டு.

வாத்தியார் ஐயா கவனிக்க: அந்த அறுத்தல் கட்சி சரி என்றால், துணிதலும் ரிஸ்கும் தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் வெட்டுக்கத்தியில் இருந்துதான் புறப்பட்டிருக்கின்றன.

மார்த்தாண்டம் வாத்தியார்:
கவனித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் ஒன்று. நம் துணிதலில் அறுபடுவது மனத்தின் ஊசலாட்டம். அவர்கள் சொல்லில் அறுபடுவது கப்பலின் அடிப்பாகம். நம்முடையது ஆளைப் பற்றிய சொல், அவர்களுடையது சரக்கைப் பற்றிய சொல்.

தூத்தூர் கடல்:
பாறைக் கதையைத்தான் நான் நம்புவேன் கேட்டியளா. கடலுக்கு அடியில கெடக்குற பாறைக்கு நாங்க ‘பார்’னு சொல்லுவோம். பாசி, சின்ன மீனு எல்லாம் பாருலதான் அடையும். அத தின்ன பெரிய மீனும் அங்கதான் வரும். வலை முட்டிக் கிழியுறதும் அங்கதான். மணல்ல போட்டா வலை பத்திரமா வரும், மீன் இருக்காது. எந்தப் பாரு எங்க கெடக்குன்னு தெரிஞ்சவன்தான் பழைய காலத்துல நல்ல கடக்காரன். கன்னியாகுமரிக்குத் தெக்க வாட்ஜ் பாங்க்னு ஒரு மீன்பிடி எடம் சொல்லுதாவளே, அத தேடி இத்தனை பேரு போறதும் மீனுக்குத்தான்.

மீனும் நஷ்டமும் ஒரே எடத்துல கெடக்கு. காக்காவுக்க ரிஸ்கும் இங்கிலீஷ்காரனுக்க ரிஸ்கும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுதது அதனாலதான்.

தேங்காப்பட்டணம் காக்கா:
மாஷா அல்லாஹ். இத எங்க பள்ளிவாசல்ல சொல்லப் போறேன்.

வடசேரி நகைக்கடன்:
சொல்வேட்டை அண்ணே, கடல் கடன் இங்கயும் இருந்துருக்கு. அர்த்தசாஸ்திரத்துல வட்டி விகிதம் வரிசையா உண்டு. நூறு பணத்துக்கு மாசம் ஒண்ணேகால் பணம் நியாய வட்டி. வியாபாரத்துக்கு 5. காடு கடந்து போற வணிகனுக்கு 10. கடல்ல போறவனுக்கு 20. யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலயும் காட்டுக்குப் பத்து, கடலுக்கு இருபதுன்னு அதே கணக்குதான்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ரிஸ்க்குன்னு தனியா ஒரு பேரு வைக்காமலே விலை போட்டுட்டாங்க. மாசம் நூத்துக்கு இருபது! இன்னைக்கு அந்த வட்டி வாங்கினா கந்துவட்டிச் சட்டத்துல உள்ள போக வேண்டியதுதான்.

சுசீந்திரம் தேரடி:
ஒரு சொல்ல எல்லாரும் மறந்துட்டீங்க: விஷப்பரீட்சை. “எதுக்கு இந்த விஷப்பரீட்சை, பேசாம இருக்கப்பிடாதா?” எங்க வீட்டுல வாரத்துக்கு ஒருதரம் கேக்குற வசனம். பழைய நீதிமுறையில இருந்து வந்த சொல்லு அது. சாட்சி இல்லாத வழக்குல குற்றம் சாட்டப்பட்டவனைத் தெய்வத்துக்க முன்னால சோதிப்பாங்க. யாக்ஞவல்கியர் அஞ்சு சோதனை சொல்லுதார்: தராசு, தீ, நீர், விஷம், தீர்த்தம் குடிக்கிறது. விஷத்தைத் தின்னு பிழைச்சா நிரபராதி.

இதுல எங்க ஊருக்கும் பங்கு உண்டு, பெருமைப்பட்டுக்கிட ஒண்ணும் இல்ல. சுசீந்திரம் கோயில்ல கைமுக்குன்னு ஒரு சடங்கு நடந்துருக்கு. ஒழுக்கக்கேடுன்னு பழி விழுந்த நம்பூதிரியைக் கொண்டு வந்து, கொதிக்கிற நெய்யில கையை முக்கச் சொல்லுவாங்க. கை வெந்தா குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துலதான் அத நிறுத்தினாங்க. சுசீந்திரம்னா தாணுமாலயனும் இசைத் தூணும் பெரிய அனுமாரும்னு சுற்றுலாக்காரங்க படம் எடுத்துட்டுப் போறாங்க, இந்தக் கதையை யாரும் கேக்குறது இல்ல.

சாகசமும் அந்த மாதிரி ஆளு மாறின சொல்லுதான். இன்னைக்கு சாகசப் பயணம், சாகச வீரர்னு புகழ்ச்சி. பழைய தர்மசாஸ்திரத்துல சாஹசம்னா வலுக்கட்டாயமாச் செய்ற குற்றம், பறிக்கிறது, அடிக்கிறது எல்லாம். அபராதத்துக்கே பூர்வ சாஹசம், மத்திம சாஹசம், உத்தம சாஹசம்னு மூணு தரம். ‘சாகசக்காரி’ன்னு தமிழ்ல திட்டாவும் சொல்லுதாங்களே, அதுல அந்தப் பழைய கறை கொஞ்சம் ஒட்டிக் கெடக்குன்னு நினைக்கேன்.

குளச்சல் சாரல்:
தேரடி அண்ணே, அருமை. ஆனா ‘கடலுக்குப் போவது விஷப்பரீட்சை’ன்னு கையேட்டுல எழுதினா என்னைக் கரையில விட மாட்டாங்க :)

‘இடர்’ ஏன் ஒட்டலங்கிறதுக்குக் காரணம் இப்பதான் பிடிபடுது. தேவாரத்துல ‘இடரினும் தளரினும்’னு வருதுல்லா, அங்க இடர்னா வந்து விழுந்த துன்பம். ரிஸ்க் இன்னும் வரல, வரலாம், வராமலும் போகலாம். அதுபோக டிசாஸ்டர்க்குப் ‘பேரிடர்’னு வச்சிருக்காங்க. அப்போ ரிஸ்க் பெருசானா டிசாஸ்டரா? சின்ன ரிஸ்க் எடுத்தவனுக்குப் பெரிய புயல் வரக்கூடாதா?

எதை மறந்தாலும் ஒக்கிப் புயலை மறக்க முடியாது. 2017 நவம்பர் 30. புயல் வருதுன்னு தெரிஞ்சு யாரும் துணிஞ்சு போகல. அதுக்கு எத்தனையோ நாள் முன்னாலயே ஆழ்கடலுக்குப் போயிட்டாங்க. கரையில சொன்ன எச்சரிக்கை அவங்களுக்க ஒயர்லெஸ்க்கு எட்டவே இல்ல. அவங்க ‘ரிஸ்க் எடுத்தாங்க’ன்னு அன்னைக்கு சில பேர் தொலைக்காட்சியில பேசினது இன்னும் எரியுது.

பனங்காட்டுப் பேரன்:
எங்க தாத்தா பனையேறி. காலையும் சாயங்காலமும் ஏறிப் பாளை சீவி அக்கானி (பதநீர்) எறக்கணும். மழை நேரம்னா தடி வழுக்கும். ஊர்ல பனையில இருந்து விழுந்தவங்க, இடுப்பு ஒடிஞ்சு கெடந்தவங்க எல்லாம் உண்டு. அவரு இத ரிஸ்க்னோ துணிவுனோ சொல்லிக் கேட்டதே இல்ல. தொழில்னு சொல்லுவாரு. யாராவது வேடிக்கைக்காக ஏறினா அவனைத்தான் “துணிச்சலப் பாரு சவத்துக்கு”ன்னு ஏசுவாரு. வேற வழி உள்ளவன் ஏறினாத்தானே அதுக்குப் பேரு துணிச்சல்?

பாளை அண்ணாச்சி:
இவ்வளவு பேசியாச்சு, நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச மொத்த தத்துவமும் ஒரு பழமொழியில கெடக்கே: மயிரைக் கட்டி மலையை இழு, வந்தா மலை, போனா மயிரு.

வடசேரி நகைக்கடன்:
அண்ணாச்சி, அத எங்க பயிற்சி வகுப்புல பாடமாவே வைக்கலாம். போகுறதுக்கு எல்லை உண்டு, வாறதுக்கு எல்லை இல்ல. இப்படி ஒரு வியாபாரம் கெடைச்சா யாரும் இறங்கலாம். வாத்தியார் சொன்ன ‘முதலிழக்கும் செய்வினை’ இதுக்கு நேர்எதிர்: அங்க மலையைக் கட்டி மயிரை இழுக்கான்.

தூத்தூர் கடல்:
பழமொழி எல்லாம் சரி அண்ணாச்சி. எங்க விஷயத்துல மலை யாருக்கு, மயிரு யாருக்குன்னு கேக்கணும்.

ஒரு போட்டு தங்கலுக்குப் போவுதுன்னா டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முதல்ல கடனா ஏறும். மீன் வித்த காசுல அந்தச் செலவை எடுத்துட்டு மிச்சத்தைத்தான் பங்கு வைப்பாவ. போட்டுக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. மீன் இல்லன்னா மிச்சம் இல்ல, எனக்குச் சம்பளமும் இல்ல. போட்டுக்காரருக்குப் போட்டுக் கடன் நிக்கும், அவரு பாடும் கஷ்டம்தான். ஆனா போட்டு முங்கினா அவருக்குப் போட்டு போச்சு, எங்க வீட்டுல ஆளு போச்சு. ரிஸ்க் ‘எடுக்குறது’ன்னு எல்லாரும் சொல்லுதியளே, கையை நீட்டி எடுத்தது யாரு? சொல்வேட்டை அண்ணன் சொன்ன ஜெனோவாக்காரன் தேவலை. நஷ்டம் யாரு தலையிலன்னு முதல்லயே கடுதாசியில எழுதியிருக்கான்.

இன்னொண்ணு, நகைக்கடன் அண்ணே. பணயம் வச்சா மீட்கலாம்னு சொன்னியளே. உடலு கெடைக்கலன்னா செத்ததாச் சட்டம் ஒத்துக்கிட ஏழு வருஷம் காத்துக் கெடக்கணும். ஒக்கியில அரசு அத தளர்த்திச்சு, ஆனா எல்லாத் தடவையும் ஒக்கி வராது. ஒத்தையா ஒரு வள்ளம் காணாமப் போனா அந்த வீட்டுக்காரி எங்க போயிக் கேப்பா? அத உங்க கையேட்டுல எழுதுங்க.

சொல்வேட்டை:
இதற்கு மேல் நான் வேர்ச்சொல் பேசினால் அசிங்கம். ஆனால் கடல் அண்ணன் கேட்டதில் ஒரு இலக்கணமும் இருக்கிறது. ‘ரிஸ்க் எடுத்தல்’ ஆங்கிலத்தை அப்படியே சாய்த்தது. தமிழில் பணயம் ‘வைப்போம்’. வைத்தது என்ன, யாருடையது என்று உடனே கேட்டாக வேண்டும். எடுத்தலில் அந்தக் கேள்வி வராது.

குளச்சல் சாரல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரே சொல்லைத் தேடுறத விட்டுட்டேன். ரிஸ்க் வந்த இடத்தை எல்லாம் வாக்கியமா உடைச்சு எழுதிப் பாக்கேன். முதல் பக்கம் இப்படி வந்துருக்கு:

“புறப்படும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கெட்டுப்போகலாம்? கெட்டால் எவ்வளவு போகும்? அது யாருடைய தலையில் விழும்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் போனால், உங்கள் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள்.”

சரியா வருதா?

மார்த்தாண்டம் வாத்தியார்:
எண்ணித் துணிகதான் இது. சொல் இல்லாமல் பொருள் மட்டும் வந்திருக்கிறது. பரவாயில்லை.

தூத்தூர் கடல்:
மூணாவது கேள்வியை முதல்ல போடுங்க. “கெட்டுப்போகலாம்”னா மீனு கெட்டுப்போறதாத் தோணும், “என்ன நடக்கலாம்”னு மாத்துங்க.

குளச்சல் சாரல்:
மாத்திட்டேன் அண்ணே. நாளைக்குக் காப்பீட்டுப் பக்கம். அதுல ‘நாமினி’ன்னு ஒண்ணு கெடக்கு. அரசாங்கத் தமிழ்ல ‘நியமனதாரர்’. ஆச்சிமாருக்கிட்ட இத எப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்குறது?

தேங்காப்பட்டணம் காக்கா:
எங்க பழைய பத்திரத்துல எல்லாம் ‘அவகாசி’ன்னு இருக்கும், வாரிசுன்னு அர்த்தம். புது இழை தொறங்க மக்கா, வாறேன்.

வடசேரி நகைக்கடன்:
அவகாசி வேற, நாமினி வேற காக்கா. அதுல மாட்டித்தான் பாதி குடும்பம் கோர்ட்டுல நிக்குது. இழையைத் தொறங்க, சொல்லுதேன்.